டாக்டர் ஹெப்சிபாவின் சேவல்கள்

பொரசவலசு என்று ஓர் ஊர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, எக்ஸ்பிரஸ் பஸ்கள் மட்டும் அங்கே நிற்பதில்லை; அந்த ஊரில் வாரம் ஆறு நாள் விசைத்தறி ஓடும், ஏழாம் நாள் சேவலின் காலில் கத்தி கட்டிச் சண்டைக்கு விடுவார்கள், சட்டம் அதைக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஊருக்கு வெளியே கள்ளிமேட்டில் விடுவார்கள், சட்டத்தின் மேல் தங்களுக்கு இருந்த மரியாதையைக் காட்டுவதற்காகப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். அந்த ஊரின் கிழக்கு எல்லையில், பூட்டிக் கிடந்த பஞ்சுக் கிட்டங்கி ஒன்றில் பன்னிரண்டு கட்டில்களைப் போட்டு, இனி ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் திருப்பியனுப்பியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, அவர்கள் சாகிறவரை வலியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் டாக்டர் ஹெப்சிபா. நாகர்கோவில்காரர், ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர். ஊர் அந்த இடத்தைக் கடைசி ஊடு என்று சொல்லிற்று. அந்த வழியாகப் போக வேண்டியவர்கள் அரை மைல் சுற்றிப் போனார்கள்.

அவருடைய வைத்தியத்தில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, நோயாளியிடம் நின்றுகொண்டு பேச மாட்டார். நின்றுகொண்டு கேட்டால் போலீஸ்காரர் கேட்பது போலிருக்கும் என்று, ஒரு எவர்சில்வர் ஸ்டூலைக் கட்டிலுக்குக் கட்டில் தூக்கிக்கொண்டு போய் உட்காருவார். இரண்டாவது, எண். சர்க்கரையை அளக்கக் கருவி இருக்கிறது, ரத்த அழுத்தத்தை அளக்க இருக்கிறது, நிலநடுக்கத்துக்குக்கூட இருக்கிறது, வலியை அளக்க வலிக்கிறவரின் நாக்கைத் தவிர வேறு கருவி இன்றுவரை இல்லை. ஆகவே டாக்டர் அந்த நாக்கைத்தான் கேட்பார். "பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்குமேல தாங்காது. இப்ப எத்தனை?" சொன்ன எண்ணை அப்படியே நம்புவார், எழுதிக்கொள்வார், மருந்து கொடுப்பார். ஒரு கிழவர் பதினேழு என்று சொன்னபோதும் மறுக்காமல் பதினேழு என்றுதான் எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் ஒரு நோயாளியின் எண்ணோடு வாதாடியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முதுகெலும்பில் புற்று வைத்திருந்த தறிக்கார மாரப்பன் ஒன்பது என்றார். டாக்டர் மருந்துச் சாற்றைப் புகட்டி, அவர் மணிக்கட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழு என்றார் மாரப்பன், சற்றுக் கழித்து நாலு என்றார், அப்புறம் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லீங்க" என்றார், அவர் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கருஞ்சேவல் வெளியே வந்து, இறக்கையை உதறிக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்று கூவியது.

"எந்த எடுபட்டவன்டா ஆஸ்பத்திரிக்குள்ள சேவல உட்டது?" என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தாள், அங்கே கூட்டிப் பெருக்குவதிலிருந்து பிணம் குளிப்பாட்டுவதுவரை எல்லா வேலையும் பார்த்த பூங்கொடி. சேவல் எம்பியது. விளக்குமாறு இரண்டாயிற்று, பூங்கொடியின் இடதுகையில் விரல்கள் மூன்றாயின. டாக்டர் தைத்தார். அந்தச் சேவல் எங்கிருந்து வந்தது என்று அவர் யாரையும் கேட்கவில்லை, வலியை எடுத்தால் அது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்று பல வருஷமாக அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

கட்டுப்போட்ட கையோடு பூங்கொடி அதைத் துரத்திப் பிடித்துத் துணி துவைக்கிற கல்லில் வைத்து வெட்டினாள். தலை துண்டானபோது உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்த மாரப்பன் வில்லாக வளைந்து, கடைவாய்ப் பல் ஒன்று தெறித்து விழுகிற அளவுக்கு அலறினார். செத்த சேவலைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இரண்டு நாள் எந்த மருந்துக்கும் அந்த வலி அசையவில்லை. மூன்றாம் நாள் மறுபடி மருந்துக்குக் கேட்டது, மறுபடி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கருஞ்சேவல் வந்தது. இந்தத் தடவை அதை யாரும் தொடவில்லை. மாரப்பனின் மருமகன் கூடை போட்டுக் கவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனான், மாரப்பன் ஒன்பது நாள் வலி என்றால் என்ன என்று மறந்துபோய் இருந்து, தூக்கத்தில் இறந்துபோனார். சேவல் இறக்கவில்லை.

அதற்கப்புறம் வெள்ளிக்கொரு சேவல், புதனுக்கொரு சேவல் என்று வந்துகொண்டிருந்தன, ஊர் அவற்றை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்வதற்குக் கத்திக்கட்டு ராக்கியப்பனைச் சொல்ல வேண்டும். சேவலின் காலில் நூல் சுற்றிக் கத்தி கட்டுவதில் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு இணை கிடையாது. அவன் கட்டிய கத்தி சண்டையில் அவிழ்ந்ததில்லை. அவன்தான் மாரப்பனின் கருஞ்சேவலை மருமகனிடம் விலைக்கு வாங்கி, முதலில் கள்ளிமேட்டுக்குக் கொண்டுபோனவன். அது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு சேவல்களைக் கொன்றது. பன்னிரண்டாவதைப் பிடித்திருந்தவன் கீழேயே விடவில்லை, கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டான்.

பழைய சேவல் நூல்கள் நிறத்தை வைத்துச் சாதி பிரிக்கும், காகம், வல்லூறு, மயில் என்றெல்லாம் பெயர் கொடுக்கும், எந்தப் பிறையில் எந்த நிறம் வெல்லும் என்று சொல்லும். நோயை வைத்துச் சாதி பிரித்த நூல் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைப் பொரசவலசு ஆறே மாதத்தில் தீர்த்துவைத்தது. எலும்புப் புற்று கருஞ்சேவல், ஒரே வெட்டு. தொண்டையிலும் வாயிலும் வருவது செவலை, கூவாது, கண்ணைப் பார்த்துக் குத்தும். சிறுநீரகத்துச் சேவல் புள்ளி போட்டது, தோற்று ஓடுவது போல ஓடித் திரும்பி வெட்டும். நுரையீரல் சாம்பல் நிறம், மூச்சு வாங்கிக்கொண்டே கொல்லும். சாயப்பட்டறை முதலாளிகள் முதல் மோட்டார் மெக்கானிக்குகள்வரை இதையும், எண் கூடக்கூடச் சேவலின் ஆவேசமும் கூடும் என்பதையும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

அதுவரை அரை மைல் சுற்றிப் போனவர்கள் இப்போது ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு கடைசி ஊட்டுக்கு வந்தார்கள், கட்டில்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள், காலைப் பிடித்துவிட்டார்கள், நெற்றியைத் தடவினார்கள்.

"இன்னைக்கு எத்தனைங்க மாமா?"

"ஆறு கண்ணு."

"ஆறுதானுங்களா?" கேட்டவன் முகம் வாடிவிடும். "சித்த நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க."

வாயில் புற்று வைத்திருந்த பாவாயி என்கிற கிழவி பூங்கொடியிடம் சொன்னாள், "எம்பட மருமக ஏழு வருசமா எங்கிட்டப் பேசுனதில்ல. இப்ப வந்து மடியில படுக்க வெச்சுக்கிட்டு எத்தனைங்கத்தேன்னு கேக்கறா. பாவம், ஒம்பதுன்னு சொல்லி வெச்சேன்."

"நெசமா எத்தனை?"

"ஒம்பதுதான்."

டாக்டர் கேட்டைப் பூட்டி, வந்த சேவல்களைக் கூண்டில் அடைத்துப் பார்த்தார். பூட்டிய கூண்டுக்குள் சேவல்கள் ஒன்றையொன்று கொன்றன, அவற்றின் வலி கட்டில்களுக்குத் திரும்பி வந்தது, ஒரே பிற்பகலில் ஐந்து பேர் அலறினார்கள். கேட்டைத் திறந்துவிட்டார்.

மாசி மாதம் மூன்றாம் ஞாயிறன்று, கள்ளிமேட்டில், ராக்கியப்பன் கருஞ்சேவலின் காலில் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை நீளமான கத்தியைக் கட்டினான், இது தாங்கும் என்று பெருமையாகச் சொன்னான். எதிர்ச் சேவலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவன் லாரி ஓட்டுகிற கருப்பணன். கருஞ்சேவல் எதிர்ச் சேவலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு மேலாகப் பறந்துபோய்க் கருப்பணனின் உள்தொடையில் இறங்கியது. ரத்தம் ஆள் உயரத்துக்கு அடித்தது. ராக்கியப்பன் ஒரே தாவாகத் தாவினான்; கூட்டம் அவன் கருப்பணனைத் தூக்கப்போகிறான் என்று நினைத்தது; அவன் சேவலைத் தூக்கினான், கல்லில் பட்டுக் கத்தி முனை மழுங்கிவிடக் கூடாது என்று. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கத்தியைத் துடைத்தான், இறக்கையைத் துடைத்தான், துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டான். அதற்குள் கருப்பணன் வெள்ளைக் காகிதம் போல ஆகிவிட்டான், அவனுக்குக் கீழே இருந்த மண் குழைந்துவிட்டது.

கருப்பணனின் மனைவி மயிலாத்தாள் அன்று அழவில்லை. மூன்றாம் நாள் கடைசி ஊட்டுக்கு வந்து டாக்டரின் முன்னால் நின்றாள். டாக்டர் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தத் துண்ட அவங்க தொடையில கட்டியிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது, தெரிந்திருந்தால் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டார். "இறுக்கிக் கட்டியிருந்தா பிழைச்சிருப்பாரு" என்றார்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு மயிலாத்தாள் போனாள்.

அடுத்து நடந்ததற்குக் காரணம் சேவல்கட்டுக்காரர்களின் ஒரு வழக்கம். தோற்றுச் செத்த சேவலுக்குக் கோச்சை என்று பெயர்; கோச்சை ஜெயித்தவனுக்குச் சொந்தம்; ஜெயித்தவன் அதைக் கறியாக்கி, தன் ஆட்களோடு உட்கார்ந்து, எலும்புவரை சப்பித் தின்ன வேண்டும். அந்தக் கறிக்கு இருக்கிற ருசி உலகத்தில் வேறெதற்கும் கிடையாது என்பார்கள். கறியாக்காமல் எறிந்தால் வீரத்துக்கு அவமானம். அதுவரை கருஞ்சேவல் கொன்றதெல்லாம் சாதாரண வீட்டுச் சேவல்கள். கருப்பணன் செத்த அடுத்த ஞாயிறு, காலை பதினோரு மணிக்கு, அது பாவாயிக் கிழவியின் செவலையைக் கொன்றது.

பதினோரு மணிக்குப் பாவாயி தாடையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். இரண்டு மணிவரை கத்தினாள். இரண்டு மணிக்கு, ஸ்விட்சை அணைத்தது போல நிறுத்தி, எழுந்து உட்கார்ந்து, காப்பி இருக்கிறதா என்று கேட்டாள்.

அதே இரண்டு மணிக்கு ராக்கியப்பன் வீட்டு வாசலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். மூன்றாவது வாயில் எல்லோரும் ஒரே சமயத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் வலி தாங்காமல் அம்மிக் குழவியால் தன் பற்களை உடைத்துக்கொண்டான்; ஒருவன் பக்கத்திலிருந்தவன் முகத்தில் கொதிக்கிற குழம்பை ஊற்றினான்; விஷம் வைத்துவிட்டான் என்று சமையல்காரனைத் தென்னை மரத்தில் கட்டி அடித்தார்கள், அடித்தவர்கள் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்தார்கள். பிறகு இரண்டு வேன்களில் ஏறிக் கடைசி ஊட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முப்பத்தொரு பேரிடமும் போய் உட்கார்ந்து எண் கேட்டார். குழவியால் ஆன காயமும் குழம்பால் ஆன காயமும் வேண்டாம், தாடைக்குள் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்றார். இருபத்தேழு பேர் கால் என்றார்கள், மூன்று பேர் அரை என்றார்கள், ஈரலைத் தின்ற ராக்கியப்பன் முக்கால் என்றான். வெறும் கால் எண் வலிக்கா பல்லை உடைத்துக்கொண்டாய் என்று கேட்கத் தோன்றும். தனக்கென்று ஒருநாளும் வலி வராதவர்களுக்குக் காலே அதிகம். டாக்டர் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தார். ஒன்பது வந்தது. எட்டிப் பார்த்தார். பாவாயி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பாவாயி இன்னும் ஆறு நாள் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் முப்பத்தொரு பேரும் அவரவர் இருந்த இடத்தில் தாடையிலிருந்து கையை எடுத்தார்கள், மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஒருவன் வண்டியை நிறுத்தி, "பாவாயி போயிருச்சு" என்று யாரிடமோ சொன்னான்.

அன்று சாயங்காலம் டாக்டர் கேட்டுக்கு முன்னால் ஊரைக் கூட்டினார்.

"நான் வலிய எடுக்கேன். நீங்க அதுக்குக் கத்தி கட்டுதீங்க. இனிமே ஒரு சேவல் இந்தக் கேட்டத் தாண்டாது. வர்ற அன்னைக்கே இங்கயே அறுத்து, இங்கயே ஆக்கி, இங்கயே இலை போடுவேன். முப்பது பேர் வந்தா ஆளுக்குக் கால். கால் வலியோட தறி ஓட்டலாம், லாரி ஓட்டலாம், சண்டைகூடப் போடலாம்."

"அவங்க வலிய நாங்க எதுக்குங்க திங்கோணும்?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். "அது அவங்கவங்க விதிங்க."

"ஆறு மாசமா விதிகிட்டயிருந்து சேவல் வாங்கிட்டுப் போனீங்களே, அப்ப இனிச்சுதா?"

முதல் பந்திக்கு நாலு பேர் வந்தார்கள், சுருண்டு விழுந்தார்கள், இரண்டாவதற்கு ஒன்பது, சொந்தக்காரன் சுருண்டு விழுவதைப் பார்த்த வெட்கத்தில் மூன்றாவதற்கு இருபது. அப்புறம் ஊர் அதைத் தன் வழக்கமாக ஆக்கிக்கொண்டது, ஊர் ஒன்றை வழக்கமாக ஆக்கிக்கொண்டால் அதற்கு உதை உண்டு. வலிச்சோறு என்று பேரான அந்தப் பந்திக்கு வராதவன் வீட்டுக் கதவைக் கோடரியால் பிளந்தார்கள். கறித்துண்டைத் தின்னாமல் மடியில் ஒளித்தவன் விரல்களைப் பின்பக்கமாக மடக்கினார்கள். அப்பனின் சேவலில் ஈரல் யாருக்கு என்று சண்டையிட்ட அண்ணன் தம்பிகளில் அண்ணன் தம்பியின் காதைக் கடித்துத் துப்பினான், இருவருமே ஈரல் தனக்குத்தான் வேண்டும் என்றார்கள். முட்டைகூடத் தொடாத ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரைக் கிடத்தி, மூக்கைப் பிடித்து இரண்டு கரண்டி சேவல் ரசத்தை ஊற்றினார்கள். அடுத்த மாதம் அவரே சொம்பு கொண்டுவந்தார். டாக்டர் ஏசினார், காதைத் தைத்தார், விரல்களுக்குக் கட்டுப் போட்டார். பன்னிரண்டு கட்டில்களிலும் காலை, மதியம், மாலை பூஜ்யம் என்று எழுதினார். இதைக் கருணை என்று கல்லில் வெட்டிவைக்க விரும்புகிறவர்கள் அந்தக் காதையும் பக்கத்தில் வெட்டிவைக்க வேண்டும்.

ராக்கியப்பனுக்குக் கத்தி இருந்தது, கட்ட நூல் இருந்தது, சேவல் இல்லை. கருஞ்சேவலையும் யாரோ கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை நாலு பேரோடும் கடப்பாரையோடும் வந்து கேட்டை உடைத்தான். குறுக்கே நின்ற பூங்கொடியைச் சுவரில் மோதினான். அப்போதுதான் வந்திருந்த நுரையீரல் சேவலைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனான், கள்ளிமேடுவரை போகப் பொறுமையில்லாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து கத்தி கட்டினான், எப்போதும் போல அவிழாதபடி கட்டினான். கடைசி முடிச்சைப் போட்டுக் கையை எடுத்ததும் சேவல் அவனைத் தொப்புளிலிருந்து நெஞ்சுவரை கிழித்தது. நாலு பேரும் ஓடிப்போனார்கள். டாக்டர்தான் ஓடி வந்து, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து, சரிந்த குடலை உள்ளே தள்ளி, இறுக்கிக் கட்டி, வேனில் ஏற்றினார். கோயமுத்தூரில் இரண்டு தடவை தைத்தார்கள், இரண்டு தடவையும் உள்ளே அழுகிப் பிரிந்தது. இருபதாம் நாள் ஒரு வெள்ளை வண்டி அவனைக் கடைசி ஊட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று.

டாக்டர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "எத்தனை?"

"பூஜ்யமுங்க" என்றான் ராக்கியப்பன்.

"பொய்யி" என்றாள் பூங்கொடி. "ஒதட்டக் கடிச்சே துண்டாக்கிப்போட்டான், பாருங்க."

டாக்டர் பூஜ்யம் என்று எழுதினார். நம்புவது என்று ஒரு விதி வைத்துக்கொண்டவர் பொய்யையும் நம்பித்தான் ஆக வேண்டும். மதியம் கேட்டார், பூஜ்யம். மாலை கேட்டார், பூஜ்யம். மறுநாளும் அப்படியே. கட்டில் சட்டத்தை அவன் பிடித்திருந்த இடத்தில் இரும்பு வளைந்திருந்தது. பக்கத்துக் கட்டில் கிழவர், "ஏண்டா, சொல்லித் தொலையேன்" என்றார்.

"சொன்னாச் சேவல் வருமுங்க" என்றான் ராக்கியப்பன். "எம்பட சேவலத் திங்க ஆரு வருவா?"

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சொன்னான். "பத்துங்க. பத்துக்கு மேல இருக்குதுங்களா?"

டாக்டர் மருந்து கொடுத்தார். கட்டிலே ஒரு சாண் மேலே எழும்பிற்று, அடியிலிருந்து வந்த சேவலுக்கு எந்தச் சாதியும் இல்லை, எல்லா நிறமும் இருந்தது, கூவவில்லை, மூன்று கட்டில்களின் கால்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, ஜன்னலில் தூங்கிய பூனையை இரண்டாக்கிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தது. பூங்கொடி ஈரக் கம்பளியைப் போட்டு அதன் மேல் விழுந்து, இருந்த எட்டு விரல்களால் கழுத்தைப் பிடித்து அறுத்தாள். உள்ளே ராக்கியப்பன் கத்த ஆரம்பித்தான். தின்னப்படும்வரை அவன் கத்துவான். முற்றிய சேவல் வேக ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஊருக்கெல்லாம் சொல்லியனுப்பி முப்பது இலை போட்டாயிற்று. கறி கொதித்தது, யாரும் வரவில்லை. அவனுடைய இரண்டு அண்ணன்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். வராதவர்களின் கதவைப் பிளப்பதற்கென்று இருந்தவர்களும் வராதவர்களில் சேர்ந்துவிட்டதால் யார் கதவும் பிளக்கப்படவில்லை. அந்தக் கத்தலைக் கேட்காமலிருக்க ஊரில் எல்லாத் தறிகளையும் ஓட்டினார்கள்.

டாக்டர் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். "எனக்குப் போடு."

"பத்தும் நீங்களா திம்பீங்க?" என்றாள் பூங்கொடி. "நீங்க படுத்துட்டா மத்த பதினோரு பேருக்கு ஆரு மருந்து குடுப்பா? இவன் இன்னும் எத்தனை நாள் கெடப்பானோ."

"எனக்குப் போடுன்னு சொன்னேன்."

"போட மாட்டனுங்க."

அப்போது உடைந்த கேட்டைத் தாண்டி மயிலாத்தாள் வந்தாள். காலைக் கழுவிவிட்டு வந்து, டாக்டருக்கு எதிர் இலையில் உட்கார்ந்தாள்.

"எத்தனைன்னு சொன்னான்?"

"பத்து."

"அவன் சொல்ற பத்து எனக்கு எதுக்கு? நானே தின்னு பாத்துக்கறேன்."

பூங்கொடி ஒரு கரண்டி போட்டாள். மயிலாத்தாள் தின்றாள். முதல் துண்டில் அவள் இடதுகை தானாக வயிற்றுக்குப் போயிற்று. இரண்டாவதில் வேர்த்தது. மூன்றாவதில் முதுகு வளைந்தது, உள்ளே கத்தல் ஒரு படி இறங்கியது. அவள் நிமிர்ந்து அதைக் கேட்டாள். டாக்டர் சட்டிக்குக் கையை நீட்டினார். மயிலாத்தாள் சட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எம்பட புருசன் செத்ததுக்கு எனக்கு வந்தது. நீங்க தொடக் கூடாது."

"நீ தின்னத் தின்ன அவனுக்குக் குறையும், மயிலா. தெரியும்தானே?"

"தெரியுமுங்க. குறைஞ்சா என்ன? இத்தனை இருந்துச்சுன்னு எனக்குத் தெரியோணும்."

தின்றாள். நெஞ்சுத் துண்டைத் தின்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலையில் கவிழ்ந்தாள், எழுந்து ஈரலைத் தின்றாள், வாயிலிருந்து ரத்தம் வந்தது, அது அவள் நாக்கைக் கடித்துக்கொண்ட ரத்தம், அதோடு சேர்த்து விழுங்கினாள். உள்ளே கத்தல் முனகலாயிற்று, முனகல் மூச்சாயிற்று. சட்டியில் ஒரு சிறகுத் துண்டு மட்டும் இருந்தபோது அவள் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இதத் தின்னாட்டி?"

"அது அவன்கிட்டயே இருக்கும்" என்றார் டாக்டர்.

"அப்பச் செரி" என்றாள். எழுந்திருக்க மூன்று தடவை முயன்றாள். பிடிக்க வந்த பூங்கொடியின் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். இரண்டாக மடிந்து, சுவரைப் பிடித்து, கேட்டைப் பிடித்து, ரோட்டில் அடிக்கொரு தடவை குந்தி எழுந்து வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ராக்கியப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை?"

"ஒண்ணுங்க."

"ஒரு துண்டு மிச்சம் இருக்கு. நான் தின்னுடுதேன், அதும் போயிரும்."

"ஆருங்க வந்தது?"

"மயிலாத்தாள்."

ஊரில் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத ஆரும் திங்க வேண்டாமுங்க" என்றான். "எனக்குன்னு உட்டுட்டுப் போயிருக்கறாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

டாக்டர் ஹெப்சிபா அவனுடைய தாளில் ஒன்று என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் மருந்துக்கு விட்டிருந்த கட்டத்தை, வலி இருந்தும் இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக, காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.